வரைபவளும் வரையப்படுபவளும்

பார்த்தல் என்பது கண்ணின் தொழில் மட்டுமன்று. அது மனிதனின் செயல்களுள் ஒன்று. செயல் என்று ஒன்றைக் கூறிய மாத்திரத்தே, அதனைச் செய்யும் உரிமை எவருக்கு உண்டு, எவருக்கு இல்லை என்ற வினாவும் உடன் எழுகின்றது. நிலத்தைப் பற்றியும், கூலியைப் பற்றியும், கல்வியைப் பற்றியும் இவ்வினாவை எழுப்ப நாம் பழகியுள்ளோம். பார்வையைப் பற்றி இதனை எழுப்பினாலோ, வியப்படைவோர் நம்மிடையே பலருளர். காற்றைப் போலவும் வெயிலைப் போலவும் பார்வை எல்லோருக்கும் பொதுவானது என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதைச் சோதித்தறிவதற்கு, ஐரோப்பிய ஓவிய வரலாற்றிலே காணப்படும் ஒரு சித்திர வகையை இங்கு எடுத்துக்கொள்வோம்.

திறந்த வெளியிலே, ஒரு மரத்தடியிலோ தோட்டத்துக் கற்படியிலோ, ஓர் இளம்பெண் அமர்ந்திருக்கிறாள். மடிமீது அட்டை; அட்டைமீது தாள்; கையிலே வரைகோல். எதிரேயுள்ள ஏதோவொன்றை அளவிடுவதுபோல் அவள் பார்வை நிலைத்திருக்கின்றது. அவளை வேறொருவர் செங்காவிக் கட்டியாலும் கருங்கட்டியாலும் வெண்கட்டியாலும் வரைந்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் வசதிபடைத்த குடும்பத்துப் பெண்களை இக்கோலத்திலே காட்டுவது பிரான்சிலும் இங்கிலாந்திலும் வழக்கமாயிற்று. இத்தகைய படமொன்றில் இரண்டு பார்வைகள் உள்ளன. அவள் உலகைப் பார்க்கிறாள். ஓவியர் அவளைப் பார்க்கிறார். இரண்டாவது பார்வையின் விளைவு சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்குகின்றது. முதலாவது பார்வையின் விளைவு எங்கே? அவள் மடியிலிருந்த தாளில் என்ன இருந்தது? இதனைக் கேட்பவர் மிகச் சிலரே. பார்க்கும் ஒருத்தியைப் பார்க்கப்படும் பொருளாக மட்டுமே ஏற்று மனநிறைவு கொள்வது நியாயமா என்பதே நாம் ஆராயப் புகும் ஒழுக்கவியல் வினா.

முதலிற் கருவியைக் கவனிப்போம். கலையைப் பற்றி எழுதுவோர் பலர் கருவியை மறந்துவிட்டு ஆன்மாவைப் பற்றியே பேசுவர். எமது வகுப்பறைகளிற் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தை அச்சில் வார்த்துச் செய்யப்படுவது. பழைய ஓவியர்கள் பயன்படுத்திய கட்டிகளோ நிலத்திலிருந்து வெட்டியெடுத்துச் சிறு கோல்களாக அறுக்கப்பட்டவை. சிவப்புக் கட்டி இரும்பு ஒட்சைட்டுச் செறிந்த களிமண். கறுப்புக் கட்டி காபன் கலந்த களிப்பாறை. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய ஓவியர் இவற்றைப் பெரிதும் கையாளத் தொடங்கினர். பின்னர் பிரெஞ்சு ஓவியரான வத்தோ (1684-1721) சிவப்பு, கறுப்பு, வெள்ளை மூன்றையும் ஒரே தாளில் இணைத்து மனிதத் தோலின் உயிர்ப்பையே வெளிக்கொணர்ந்தார். இக்கட்டிக்கு எண்ணெய் வேண்டாம், நீர் வேண்டாம், உலரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சட்டைப் பையில் இட்டுக்கொண்டு எங்கும் செல்லலாம். ஓவியக் கருவிகளுள் எளிமையானது, விலை குறைந்தது, வெளியில் வைத்து வரைவதற்கு மிகவும் ஏற்றது. ஒரு கட்டியும் ஒரு தாளும் உள்ள எவருக்கும் உலகம் திறந்து கிடக்கும் என்றே தோன்றும். ஆனால் கருவி மலிவாயிருந்தபோதும், அதனைக் கையிலேந்தி வெளியிலே அமர்ந்திருப்பதற்கான உரிமை மலிவாயிருக்கவில்லை.

மேற்கூறிய படங்களிலுள்ள பெண் ஏன் வரைந்தாள்? உயர்குடியிலும், அதனைப் பின்பற்றிய புதிய பூர்ஷ்வா வர்க்கத்திலும், இசை, தையல், அயல்மொழி என்பவற்றோடு சித்திரமும் பெண்ணுக்குரிய அணிகலன்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. அவள் ஓரளவு வரைய வேண்டும். அளவுக்கு மிஞ்சி வரையலாகாது. விருந்தினர் பாராட்டலாம்; வணிகர் வாங்கலாகாது. ஆங்கில ஓவியர் போல் சான்ட்பி 1780 அளவில் ஸ்கொட்லாந்தின் றொஸ்லின் கோட்டையை வரைந்த படத்திலே, ஒரு சீமாட்டி காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்பெட்டியொன்றின் துணைகொண்டு வெளியில் அமர்ந்து வரைவதைக் காண்கிறோம். அக்காட்சி மெய்யானது; அவளது ஈடுபாடும் மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அந்த ஈடுபாட்டைச் சமுதாயம் ஒரு பொழுதுபோக்கு என்ற எல்லைக்குள்ளேயே வைத்திருந்தது. தொழில்முறை ஓவியராக வளர்ந்த பெண்ணுக்கும் இவ்வழக்கத்தினின்றும் விடுதலை கிட்டவில்லை. எடுவார் மனே 1870-இல் தம் மாணவியும் ஓவியருமான ஏவா கொன்சலஸை வரைந்தார். அவர் நீண்ட வெள்ளை உடையணிந்து அமர்ந்து பூக்களைத் தீட்டுகிறார். அவ்வுடை வண்ணக் குழம்போடு வேலை செய்வதற்கு ஏற்ற உடையன்று. அவர் தீட்டும் படமோ ஏற்கெனவே சட்டத்துள் பொருத்தப்பட்டிருக்கின்றது. வேலை காட்டப்படுகின்றது, வேலையின் மெய்ம்மை காட்டப்படவில்லை.

இது தனிப்பட்ட ஓவியர்களின் மனப்போக்கு மட்டுமே என்று கூறி அமைதிகொள்ள முடியாது. நிறுவனங்களைப் பார்ப்போம். 1648-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு அரச ஓவிய அக்கடமி, ஒரே காலத்தில் நால்வருக்கு மேற்பட்ட பெண்கள் உறுப்பினராய் இருத்தலாகாது என்று 1770-இல் வரையறுத்தது. 1783-இல் அடெலயிட் லபீய்-கியார், எலிசபெத் விஜே லெ பிறன் என்னும் இருவரும் ஒரே நாளிற் சேர்க்கப்பட்டபோது அந்த நான்கு இடங்களும் நிரம்பிவிட்டன. இலண்டனில் 1768-இல் றோயல் அக்கடமி தொடங்கியபோது அதன் மூல உறுப்பினருள் ஏஞ்செலிக்கா கோஃப்மன், மேரி மோசர் என்னும் இரு பெண்கள் இருந்தனர். அவ்வக்கடமியினரைக் குழுவாக ஸொஃபனி என்பார் 1771-72 காலப்பகுதியில் வரைந்தார். ஆண்கள் அனைவரும் ஆடையற்ற ஆண் மாதிரியைச் சூழ்ந்து நிற்கின்றனர், அமர்ந்திருக்கின்றனர், உரையாடுகின்றனர். பெண் உறுப்பினர் இருவரும் எங்கே? சுவரிலே மாட்டப்பட்ட இரண்டு படங்களாக அவர்கள் காட்டப்பட்டிருக்கின்றனர். மாதிரியைப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்பதே காரணம். பார்க்கும் உரிமை மறுக்கப்பட்ட கணத்திலேயே, பார்ப்பவர் பார்க்கப்படும் பொருளாகிவிடுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இத்தடையின் விளைவு யாது? அக்காலத்தில் வரலாற்றுக் காட்சிகளையும் புராணக் காட்சிகளையும் வரைவதே ஓவியத்தின் உச்சநிலை எனப்பட்டது. அதற்கு மனித உடலை நேரிற் கண்டு பயின்ற அறிவு இன்றியமையாதது. அப்பயிற்சியை மறுத்துவிட்டு, பெண்கள் பூக்களையும் குழந்தைகளையுமே வரைகின்றனர், அவர்களிடம் பெருங்கற்பனை இல்லை என்று பழித்தனர். றோயல் அக்கடமியின் கலாசாலைக்குள் முதன்முதல் ஒரு பெண் புகுந்தது 1860-இல். லோரா ஹேர்போர்ட் தம் முதற்பெயரைச் சுருக்கி எழுத்தால் மட்டும் ஒப்பமிட்டு அனுப்பிய சித்திரங்களை, ஆணின் சித்திரங்கள் என்று கருதியே ஏற்றுக்கொண்டனர். மூலவர் இருவருக்குப் பின் முழு உறுப்பினராக ஒரு பெண் தெரிவுசெய்யப்பட்டது 1936-இல். அவர் லோரா நைற். பாரிஸின் நுண்கலைக் கலாசாலை பெண்களுக்குக் கதவு திறந்தது 1897-இல். பேராற்றல் படைத்த பெண் ஓவியர் ஏன் தோன்றவில்லை என்ற வினாவை 1971-இல் எடுத்துக்கொண்ட அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நொக்லின், விடையைப் பிறவியிலே தேடாது நிறுவனங்களிலும் கல்வியிலும் தேடவேண்டும் என்று காட்டியதன் வலிமை இத்தகைய உண்மைகளிலேயே தங்கியிருக்கின்றது.

வகுப்பறைக் கதவு மூடியிருந்தால் வெளியே செல்லலாமே, வயலும் ஆறும் தெருவும் எவருடைய கலாசாலை என்று வினவலாம். தனியே வெளியிலே அமர்ந்து வரையும் பெண்ணுக்கு நேர்ந்ததை றோசா பொனரின் வரலாறு கூறும். அவர் குதிரைச் சந்தையை வரைய விரும்பினார். பாரிஸின் சந்தைக்கு 1851 முதல் வாரம் இருமுறை சென்று கோட்டுச் சித்திரங்கள் தீட்டினார். சந்தையாட்களின் தொல்லையினின்றும் தப்புவதற்காக ஆணுடை அணிந்து சென்றார். பெண் ஆணுடை அணிவதாயின் பொலிஸ் அனுமதி பெறவேண்டும் என்று 1800 ஆம் ஆண்டுக் கட்டளையொன்று விதித்திருந்தது. அவருக்கு 1857-இல் வழங்கப்பட்ட அனுமதிப் பத்திரம் இன்றும் உளது; அது ஆறு மாதங்களுக்கே செல்லும். குதிரைகளைப் பார்ப்பதற்குக் காற்சட்டை. காற்சட்டைக்குப் பொலிஸ் முத்திரை! இவ்வாறு உருவான 'குதிரைச் சந்தை' ஓவியம் 1853-இல் காட்சிக்கு வைக்கப்பட்டு உலகப் புகழ் எய்தியது. இன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. அப்பழைய கட்டளை செல்லுபடியற்றது என்று பிரெஞ்சு அரசு வெளிப்படையாகக் கூறியது 2013-இல் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

பொனர் துணிந்தார். துணிய இயலாதவர் என்ன செய்தனர்? உக்ரேனிற் பிறந்து பாரிஸில் ஓவியம் பயின்று, 1884-இல் இளவயதிலேயே காசநோயால் மறைந்த மாரி பஷ்கிர்ற்செவ் தமது நாட்குறிப்பிலே ஏங்கியது செல்வத்துக்காகவன்று. அது அவரிடம் இருந்தது. தனியே நடந்து செல்வதற்கும், பூங்காவின் ஆசனத்தில் அமர்வதற்கும், துணைக்கு ஆளும் வண்டியும் வரும்வரை காத்திராமல் லூவர் நூதனசாலைக்குச் செல்வதற்குமே அவர் ஏங்கினார். இவ்வுரிமை இன்றி எவரும் உண்மைக் கலைஞராக முடியாது என்றும் அவர் உணர்ந்திருந்தார். நாம் முன்னர்க் கண்ட சித்திரத்துப் பெண்ணை மீண்டும் நோக்குவோம். மரத்தடியில் அவள் தனித்திருப்பதாகத் தோன்றுகின்றது. ஆனால் அத்தனிமை படத்தின் எல்லைக்குள் மட்டுமே உள்ளது. எல்லைக்கு வெளியே தாயோ, தாதியோ, தமையனோ காத்து நிற்பதை ஓவியர் வரையவில்லை.

இவ்விடத்தில் இரு சகோதரியரின் கதையை நினைவுகூர்தல் பொருத்தமாகும். எட்மா மொறிசோ, பேர்த் மொறிசோ ஆகிய இருவரும் ஒன்றாகவே பயின்றனர். கொறோ என்னும் பெரிய இயற்கைக் காட்சி ஓவியரின் வழிகாட்டலில் ஒன்றாகவே வெளியிற் சென்று தீட்டினர். 1865 அளவில் எட்மா, தன் தங்கை தூரிகையும் கையுமாக நின்று வேலை செய்வதை ஓர் உருவப்படமாக வரைந்தாள். அப்படத்தில் அழகு காட்டும் பாவனையில்லை. வேலையில் ஆழ்ந்த முகம் மட்டுமே உள்ளது. வரைபவளும் வரையப்படுபவளும் ஒரே தொழிலின் தோழிகளாயிருப்பதனால், ஒருத்தியின் பார்வை மற்றவளைப் பொருளாக்கவில்லை. 1869-இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியை மணந்தாள், ஓவியத்தைக் கைவிட்டாள். அதன்பின் நிகழ்ந்ததே எமது சிந்தனைக்குரியது. பேர்த் மொறிசோ தன் தமக்கையை வரையலானாள். யன்னலருகே கையில் விசிறியோடு அமர்ந்திருக்கும் எட்மா. 1872-இல், தொட்டிலில் உறங்கும் குழந்தையை நோக்கியிருக்கும் எட்மா. 'தொட்டில்' என்னும் அவ்வோவியம் 1874-இல் இம்பிரஷனிஸ்ற்றுகளின் முதற் கண்காட்சியில் இடம்பெற்றுப் புகழ் பெற்றது. அதன் மென்மையைப் போற்றுவோர் பலர். அந்தப் பெண்ணின் கை சில ஆண்டுகளுக்கு முன்னர் தூரிகை பிடித்த கை என்பதை அறிந்தபின் அம்மென்மை வேறொரு பொருள் தருகின்றது.

தங்கையும் முழுதாகத் தப்பிவிடவில்லை. மனே அவரைப் பத்துக்கு மேற்பட்ட தடவைகள் வரைந்தார். விசிறியோடு வரைந்தார், ஊதாப் பூங்கொத்தோடு வரைந்தார். ஒருமுறையேனும் தூரிகையோடு வரையவில்லை. வாழ்நாள் முழுவதும் ஓவியம் தீட்டிய பேர்த் மொறிசோ 1895-இல் இறந்தபோது, மரணப் பதிவில் அவருக்குத் தொழில் எதுவுமில்லை என்றே குறித்தனர்.

பார்க்கும் உரிமை மட்டுமன்று, பார்த்துப் படைத்ததற்கான பெயரும் இவ்வாறே பறிபோயிற்று. மெற்றோபொலிற்றன் நூதனசாலை 1917-இல் ஓர் உருவப்படத்தைப் பெற்றது. வெண்ணிற உடையணிந்த இளம்பெண் ஒருத்தி யன்னலுக்கு முன்னே அமர்ந்து, மடியிலுள்ள அட்டையில் வரைகிறாள். வரைவதை நிறுத்தி எம்மையே நிமிர்ந்து பார்க்கிறாள். யன்னற் கண்ணாடி உடைந்திருக்கின்றது. அதற்கப்பால் வெளியே இருவர் நிற்கின்றனர். இது மாபெரும் ஓவியர் தாவீதின் கைவண்ணம் என்று கருதி அறிஞரும் பொதுமக்களும் வியந்தனர். 1951-இல் சாள்ஸ் ஸ்டேளிங் என்னும் ஆராய்ச்சியாளர், இது 1801 ஆம் ஆண்டுக் கண்காட்சியிலே இடம்பெற்ற படம் என்றும், அக்கண்காட்சியில் தாவீத் பங்குபற்றவில்லை என்றும் எடுத்துக்காட்டி, இது ஒரு பெண் ஓவியரின் ஆக்கமாயிருத்தல் வேண்டும் என்றார். அந்த ஆராய்ச்சி மெச்சத்தக்கது. ஆனால் அதே மூச்சில், மறைத்து வைக்கப்பட்ட பலவீனங்களையும் பெண் உள்ளத்தின் சாயலையும் அவர் அப்படத்திற் கண்டுகொண்டார். படம் மாறவில்லை, ஒரு கோடுகூட மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றே. 1996-இல் அது மாரி-டெனிஸ் வில்லேர் (1774-1821) என்னும் பெண்ணின் படைப்பு என்று காட்டப்பட்டது. ஒரு பெண் இன்னொரு பெண்ணை, அவள் வரைந்துகொண்டிருக்கும் வேளையில் வரைந்த அப்படம், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின்னரே தன் ஆசிரியரை அடைந்தது.

இங்கே இரு தரப்பிலிருந்து மறுப்புகள் எழலாம். அழகை அழகாகவே துய்க்க வேண்டும், அதன் பின்னே பொலிஸ் பத்திரத்தையும் அக்கடமி விதிகளையும் தேடுவது இரசனையற்றோர் செயல் என்று ஒரு சாரார் கூறுவர். அவர்களுக்கு நாம் கூறுவது இது: எட்மாவின் கதையை அறிந்ததனால் 'தொட்டில்' எமக்கு அழகு குன்றிவிடவில்லை, மேலும் ஆழமாகிவிட்டது. அறிவால் அழியும் அழகு அழகேயன்று. மறுசாரார், அதாவது எமது அணியிலேயே உள்ள சில நண்பர்கள், சீமாட்டிகளின் பொழுதுபோக்குப் படங்களால் உழைக்கும் மக்களுக்கு என்ன பயன், அவற்றைக் குப்பையில் எறிவோம் என்பர். இக்கூற்றும் ஏற்புடையதன்று. ஓவியத்துக்குப் பணம் கொடுத்தோர் விரும்பியது ஓர் அலங்காரப் படமாக இருக்கலாம். ஆனால் நேர்மையான கை ஒரு முகத்தைக் கூர்ந்து வரையும்போது, கேட்டோர் கேளாத உண்மை ஒன்றும் தாளில் வந்து விழுந்துவிடுகின்றது. கவனத்தில் ஆழ்ந்த மனித முகமே அவ்வுண்மை. தன்னை யார் பார்க்கிறார் என்பதை மறந்து, உலகத்தின் ஒரு துண்டைப் புரிந்துகொள்ள முயலும் அம்முகத்தில் அணிகலன் என்ற சொல்லுக்கு இடமில்லை. வர்க்கம் அவளுக்கு வகுத்த எல்லையை அந்தக் கணத்தில் அவள் கடந்துவிடுகிறாள். அக்கணத்தை நீடிக்கவிடாமற் செய்தது எது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

ஆயினும் அந்நண்பர்களின் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. சீமாட்டி வெளியில் அமர்ந்து வரைவதற்கு மடிப்புக் கதிரையைச் சுமந்து வந்தவள் எவள்? அவ்வெள்ளை உடையை வெளுத்தவள் எவள்? அவர்களும் கண்ணுடையோரே. பெண் என்ற அளவில் மட்டும் நின்று பேசினால் இக்கேள்விகள் மறைந்துவிடும். இவற்றுக்கு வரலாறு தரும் விடைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று சுசான் வலடோன். 1865-இல் பிறந்த அவர், கணவனற்ற ஓர் ஏழைத் தொழிலாளப் பெண்ணின் மகள். பாரிஸின் மொன்மார்த்திலே வளர்ந்து, சிறுவயதிலேயே கூலி வேலைகள் செய்து, சேர்க்கஸில் விழுந்து காயமுற்று, பின்னர் ஓவியர்களுக்கு மாதிரியாக நின்று பிழைத்தார். றெனுவாரும் துலூஸ்-லோத்ரெக்கும் அவரை வரைந்தனர். அசையாது நின்ற அவ்வேளைகளில் அவர் வாளாவிருக்கவில்லை. தம்மைப் பார்ப்போரைத் தாமும் பார்த்தார். அவர்கள் கைகள் இயங்கும் முறையைக் கற்றார். எந்தக் கலாசாலையும் அவருக்குக் கற்பிக்கவில்லை. பதினெட்டாம் வயதில், 1883-இல், தம் முகத்தைத் தாமே வண்ணக்கட்டியால் வரைந்தார். அம்முகத்தில் புன்னகையில்லை, கெஞ்சல் இல்லை, எவரையும் மகிழ்விக்கும் நோக்கமில்லை. டெகா அவரது கோட்டுச் சித்திரங்களை விலைகொடுத்து வாங்கி ஊக்கமளித்தார். விலைக்கு வாங்கப்பட்ட உடலாயிருந்தவர் விலைமதிப்புள்ள பார்வையுடையவராக எழுந்த வரலாறு இது. ஆனால் வலடோன் ஒருவர் எழுந்தார் என்பதைக் காட்டி, திறமையிருந்தால் எவரும் எழலாம் என்று ஆறுதல் கூறுவோரின் கூட்டத்தில் நாம் சேர்ந்துவிடலாகாது. அதே மொன்மார்த்தில் அதே ஓவியர்களின் முன்னே நின்ற ஏனைய பெண்கள் எதனைக் கண்டனர் என்பதைக் கூறும் தாள் ஒன்றும் எம்மிடம் இல்லை.

ஆகவே நாம் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். பார்வை இயற்கை தந்த கொடை. கூர்ந்து பார்த்தல் சமுதாயம் தரும் அல்லது மறுக்கும் உரிமை. அதற்கு ஓய்வு வேண்டும், பயிற்சி வேண்டும், அச்சமின்றி அமர ஓரிடம் வேண்டும், கண்டதைக் கண்டவள் பெயராலேயே ஏற்றுக்கொள்ளும் நேர்மையும் வேண்டும். இவை நான்கும் சிலருக்கு மட்டும் உரியனவாயிருக்கும் சமுதாயம், எத்தனை அழகிய படங்களைச் சுவரில் மாட்டினாலும், மனித ஆற்றலின் பெரும்பகுதியை மண்ணில் புதைத்துவிட்ட சமுதாயமே.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய வாசகர்களுக்கு இதில் ஒரு நேரடியான கடமையும் உண்டு. வெண்கட்டி நாள்தோறும் எமது கைகளிலேயே இருக்கின்றது. சித்திர பாடத்தைப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கைவேலையாகவும் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வீண்வேலையாகவும் கருதும் வழக்கம் எங்கெங்கு உள்ளதோ, அங்கெல்லாம் அதனை எதிர்க்க வேண்டும். வகுப்பை வெளியே அழைத்துச் சென்று வரையச் சொல்லும்போது, பெண்பிள்ளைகளை மதிலோரத்துப் பூச்செடியின் முன் இருத்திவிட்டு, ஆண்பிள்ளைகளைச் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் அனுப்பும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். வரைந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளையைக் காணும்போது, எவ்வளவு அழகான காட்சி என்று கூறிக் கடந்து செல்லாதிருப்போம். அருகே அமர்ந்து, தாளை வாங்கிப் பார்த்து, நீ எதனைக் கண்டாய் என்று கேட்போம்.